காதா, மீட்டரா? ஆடியோ சாதனத்தை எதை நம்பி வாங்குவது

"கேட்டுப் பார்த்தால்தான் தெரியும்" என்பது ஒரு கட்சி. "கிராஃபைக் காட்டு, பேசலாம்" என்பது இன்னொன்று. எந்தப் பொருளைப் பற்றிய பேச்சு என்பதைப் பொறுத்து வெற்றி கைமாறும்.

டாக் (டிஜிட்டல் ஒலியை மின் சிக்னலாக மாற்றும் கருவி), ஆம்ப் (அந்தச் சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) என்று வந்தால் மீட்டர் பக்கம் நிற்பதே புத்திசாலித்தனம். இரண்டு ஆம்ப்களில் ஒன்று அரை டெசிபெல் கூடுதலாக ஒலித்தாலே போதும். சத்தம் கூடியதாகத் தோன்றாது, "தெளிவு கூடியிருக்கிறது" என்றுதான் தோன்றும். அதனால் முதலில் சத்தத்தைச் சமப்படுத்த வேண்டும். 400 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு, ஸ்பீக்கர் டெர்மினலில் மல்டிமீட்டரை வைத்து, ஏசி வோல்டேஜைப் பாருங்கள். ஒன்றில் 2.00 வோல்ட் என்றால் மற்றதில் 2.02-ஐத் தாண்டக்கூடாது, அதுதான் 0.1 டெசிபெல். விலை குறைந்த மீட்டர்கள் சில கிலோஹெர்ட்ஸுக்கு மேல் தப்பாகக் காட்டும், ஆகவே டோனை உயர்த்த வேண்டாம். பிறகு எது எதுவென்று தெரியாமல் 16 சுற்று கேளுங்கள். 12 சரியாக வந்தால் அதைக் குருட்டு அதிர்ஷ்டம் என்று தள்ள முடியாது. வெறும் ஊகத்தில் அப்படி அமைய வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் கீழே. 2007-இல் மேயர், மோரன் என்ற இரு ஆய்வாளர்கள் உயர் தெளிவு டிஸ்க்கின் ஒலியை, சிடி தரத்துக்கு இறக்கிய அதே ஒலியோடு ஒப்பிட்டார்கள். 554 முறையில் சரியான விடை 276. காசு சுண்டியிருந்தாலும் அதே கணக்குதான்.

ஆனால் மீட்டரைத் தப்பான இடத்தில் வைப்பவர்களும் உண்டு. 120 ஓம் அவுட்புட் இம்பீடன்ஸ் (வெளியீட்டு மின்தடை) உள்ள ஹெட்ஃபோன் ஆம்ப்பை வெறும் ரெசிஸ்டர் போட்டு அளந்தால் கோடு நேராகவே வரும். சென்ஹைசர் எச்டி 600 ஹெட்ஃபோனைச் சொருகினால் கதை வேறு. அதன் 300 ஓம் இம்பீடன்ஸ் 100 ஹெர்ட்ஸ் பக்கம் 500-ஐத் தாண்டுவதால், அந்த இடத்தில் பேஸ் (தாழ்ந்த ஒலி) ஒரு டெசிபெல் போலத் தூக்கும். "பேஸ் கொஞ்சம் கொழுப்பாக இருக்கிறதே" என்று சொன்ன காது பொய் சொல்லவில்லை.

ஸ்பீக்கரில் காது முக்கியம், கண்தான் எதிரி. 1994-இல் ஃப்ளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் ஹார்மன் ஆடியோ நிறுவனத்தில் மக்களை ஒரே ஸ்பீக்கர்களைப் பார்த்தும், பார்க்காமலும் கேட்கவைத்தார்கள். பார்த்துக் கேட்டபோது பெரிய, விலை கூடிய பெட்டிகளுக்கு மதிப்பெண் ஏறியது. திரைக்குப் பின்னால் அந்த இடைவெளி சுருங்கியது. கடையில் கேட்டதை நம்பி வாங்குவதிலும் வம்பு இருக்கிறது. 12 அடி நீள அறையில் 47 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலி முட்டி நிற்கும். அந்தக் குமுறலை உங்கள் வீட்டுச் சுவர்தான் தரும், ஸ்பீக்கர் அல்ல.

ஹெட்ஃபோனில் ரசனைக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். ஹெட்ஃபோன் எப்படி ஒலிக்க வேண்டும் என்று அதே ஹார்மன் வகுத்த இலக்கு கிராஃபான ஹார்மன் கோடு, பலரின் விருப்பத்துக்குச் சராசரி. பேஸ் எவ்வளவு என்பதில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் பெரிது. 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே காது மடலின் வடிவமே கிராஃபை மாற்றிவிடும். ஹெட்ஃபோனை மாட்டி அளக்கும் பொம்மைத் தலைக்கு மூக்குக்கண்ணாடி கிடையாது. நீங்கள் அணிபவர் என்றால் அதன் கம்பி குஷனைத் தூக்கி, மூடிய ஹெட்ஃபோனில் பேஸ் கசியும். கண்ணாடியைக் கழற்றாமலேயே கேட்டுப் பாருங்கள்.