தலை மாற்றும் எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வ்: இலவசப் பதிப்பே போதுமா?

பிறந்தநாள் வீடியோவில் குழந்தையின் தலையை ஆடுகிறவர் உடம்பில் வைத்துத் தர வேண்டும், கல்யாண வீடியோவில் காலமான தாத்தாவின் முகம் வர வேண்டும் என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கல்யாணம், காதுகுத்து எடுக்கிற ஸ்டுடியோக்கள் இதற்காகத் தனியாக மென்பொருள் வாங்கத் தேவையே இல்லை. பிளாக்மேஜிக் டிசைன் தரும் டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே வேலை முடியும். 4கே யுஹெச்டி வரை எக்ஸ்போர்ட் ஆகும். கட்டணப் பதிப்புக்கான எஃபெக்டைத் தொட்டால் மட்டும்தான் வாட்டர்மார்க் விழும்.

2018இல் வந்த 15ஆம் பதிப்பிலிருந்து, படங்களை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிச் சேர்க்கும் ஃபியூஷன் ஒரு பக்கமாக இதற்குள்ளேயே இருக்கிறது. தலை மாற்றுவது முழுக்க அந்தப் பக்கத்தில்தான். கிளிப்பை வைத்து ஃபியூஷனைத் திறந்தால் மீடியாஇன், மீடியாஅவுட் என்று இரண்டு நோடு (ஒவ்வொன்றும் ஒரு வேலை செய்யும் கட்டம்) தெரியும். நடுவில், அசைவைப் பின்தொடரும் டிராக்கர் நோடைச் சேருங்கள். வைக்கப்போகும் தலை, பின்னணி நீக்கிய பிஎன்ஜியாக இருக்கட்டும். அதற்குப் பின்னால் ஒரு டிரான்ஸ்ஃபார்ம் நோடு போட்டு, டிராக்கரின் பச்சை முனையில் இணைக்க வேண்டும். டிராக்கரின் ஆபரேஷன் பகுதியில் மேட்ச் மூவ், அதன் கீழ் எஃப்ஜி ஓவர் பிஜி (வைக்கும் படம் வீடியோவின் மேல்) என்று தேர்ந்தெடுங்கள். ரொட்டேஷன், ஸ்கேலிங் இரண்டுக்கும் டிக் வேண்டும். போட்டோவின் அளவையும் இடத்தையும் டிரான்ஸ்ஃபார்மில் சரிசெய்யலாம்.

ஒரே ஒரு டிராக்கிங் புள்ளி வைத்தால் தலை நகர்வது மட்டும் பிடிபடும். சாய்வதும் கேமராவை நோக்கி வரும்போது பெரிதாவதும் பிடிபடாது. அதனால் இரண்டு புள்ளி அவசியம். இரண்டு கண்களின் வெளி ஓரங்களும் நல்ல இடம். கண் சிமிட்டினாலும் பெரிதாக அசையாது. தாடையில் வைத்தால் பேசும்போது தலை குலுங்கும். மூக்குத்தி தெளிவாகத் தெரிகிறதே என்று அதில் வைக்கக் கூடாது. மண்டப விளக்கு பட்டு அது மின்னும் ஒவ்வொரு முறையும் டிராக்கர் துள்ளும். ஜிமிக்கியோ தலையை விட்டுத் தனியாக ஆடும். டிராக்கரின் அடாப்டிவ் மோடை எவ்ரி ஃபிரேமில் விட்டால் புள்ளி கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கிக் கன்னத்துக்கு வந்துவிடும். அதைவிட பெஸ்ட் மேட்ச் என்று வைப்பது நல்லது.

கார்ட்டூன் தலை, பெரிய குழந்தைத் தலை என்றால் இதோடு முடிந்தது, பழைய தலை மறைந்துவிடும். அதே அளவு தலை வைக்கும்போதுதான் உண்மையான வேலை ஆரம்பம். பழைய முடி, காது, கொண்டை எல்லாம் ஓரத்தில் எட்டிப் பார்க்கும். முதலில் அந்தத் தலையையே அழிக்க வேண்டும். அதற்கு ஆள் இல்லாத வெறும் பின்னணி, அதாவது கிளீன் பிளேட், தேவை. ஷூட்டிங்கில் டிரைபாடை அசைக்காமல், எக்ஸ்போஷரையும் ஒயிட் பேலன்ஸையும் லாக் செய்து, காலி இடத்தை 10 விநாடி எடுத்து வைத்தால் எடிட்டிங்கில் பாதிப் பாடு மிச்சம். பழைய தலையைச் சுற்றிப் பாலிகன் மாஸ்க் (புள்ளி புள்ளியாக வரையும் எல்லை) வரைந்து, இரண்டு படத்தை இணைக்கும் மெர்ஜ் நோடில் பிளேட்டைப் போட்டால் போதும். பிளேட் எடுக்காவிட்டால், அதே ஷாட்டில் ஆள் விலகி நிற்கும் ஃபிரேமை உறைய வைத்துப் பயன்படுத்தலாம். ஒகேனக்கல் பரிசல் காட்சியில் இந்த வழியும் கைகொடுக்காது. பரிசல் சுற்றுகிறது, பின்னால் தண்ணீர் ஓடுகிறது, உறைந்த தண்ணீர் உடனே காட்டிக்கொடுக்கும். அந்த மாதிரி ஷாட்டுக்குப் பெரிய தலையே வைக்கச் சொல்லிப் பேசி முடிப்பது நல்லது.

பார்க்கிறவர் கண் முதலில் போவது கழுத்துக்குத்தான். தாடைக்கு நேர் கீழே போட்டோவை வெட்டினால் தலை மிதக்கும். சட்டைக் காலர் வரை கழுத்தையும் சேர்த்து வெட்டி, மாஸ்க்கின் சாஃப்ட் எட்ஜைக் கூட்டிக் காலருக்குள் மறையவிட வேண்டும். தாடையின் நிழல் கழுத்தில் எந்தப் பக்கம் விழுகிறது என்று வீடியோவில் பாருங்கள். போட்டோவில் வெளிச்சம் எதிர்ப்பக்கம் இருந்தால், எவ்வளவு கலர் கரெக்‌ஷன் செய்தாலும் ஒட்டாது. வேறு போட்டோ கேட்டு வாங்குங்கள். முகம் லேசாகத் திரும்பும் வரை ஒரு போட்டோ தாங்கும். நன்றாகப் பக்கவாட்டில் திரும்பினால் இன்னொரு கோணத்தில் எடுத்த படம் வேண்டும்.

போட்டோ கூர்மையாகவும் வீடியோ மங்கலாகவும் இருந்தால் போட்டோவுக்கு லேசான பிளர், அதன்மேல் ஃபியூஷனின் ஃபிலிம் கிரெயின் நோடு (பொடிப் புள்ளிகள் சேர்ப்பது). ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரிந்தால் மேட் கண்ட்ரோல் நோடில் ஓரத்தை ஒன்றிரண்டு பிக்சல் உள்ளே இழுங்கள்.

இலவசப் பதிப்பின் குறை, ஆளைத் தானாகவே பிரித்தெடுக்கும் மேஜிக் மாஸ்க் இல்லாதது. முகத்தின் குறுக்கே கை வந்தால் (அட்சதை போடும் காட்சியில் வராமல் இருக்காது) அந்தக் கையை ஃபிரேம் ஃபிரேமாக பாலிகனால் வரைந்து தலைக்கு மேல் லேயராக வைக்க வேண்டும். கட்டணப் பதிப்பு 295 டாலர், ஒரே முறைதான் கட்ட வேண்டும். இப்படிப்பட்ட ஷாட் மாதாமாதம் வருகிற கடைக்கு அது தகும், எப்போதாவது வருகிற கடைக்குத் தேவையில்லை. இன்னொரு குறை, கம்ப்யூட்டரை நன்றாகவே வாட்டும். ஃபியூஷனுக்கு 32 ஜிபி ரேம் வைக்கச் சொல்கிறார்கள். 16 ஜிபியில் ஓட்டுகிறவர்கள் ரெண்டர் கேஷை (முடித்த காட்சியைச் சேமித்து வைக்கும் வசதி) ஸ்மார்ட்டில் வைத்து, ஷாட்டைச் சிறு துண்டாக நறுக்கி வேலை செய்யலாம். செல்போனில் எடுத்த வீடியோவின் ஃபிரேம் ரேட் நிலையாக இருக்காது. முதலில் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட்டுக்கு மாற்றிக்கொள்ளாவிட்டால் ஆடியோ விலகிப் போகும்.

யாருடைய தலையை வைக்கிறோமோ அவருடைய சம்மதம், காலமானவர் என்றால் குடும்பத்தாரின் சம்மதம், எழுத்தில் இருக்கட்டும். பணம் பேசும்போது வீடியோ ஒன்றுக்கு என்று பேசாமல் விநாடிக் கணக்கில் பேசுங்கள். விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால் 10 விநாடிக்கு 250 படம். அதில் கை குறுக்கே வரும் படம் எத்தனை என்று ஓட்டிப் பார்த்த பிறகே ரேட் சொல்லுங்கள்.