தேரிக்காட்டு ரயில் வழிக்கு எந்தச் சைக்கிள்: பழைய 28 இன்ச்சா, ட்யூப்லெஸ் 29 இன்ச்சா?

திசையன்விளையிலிருந்து உடன்குடி, குலசேகரப்பட்டினம் வழியாகத் திருச்செந்தூர் வரை ஒரு காலத்தில் சின்ன ரயில் ஓடியது. குலசேகரப்பட்டினத்தில் பனங்கருப்பட்டியிலிருந்து சர்க்கரை எடுத்த ஆலைக்காகப் போட்ட குறுகிய பாதை அது. ஊர்ச்சனங்களும் அதில் ஏறிப் போய்வந்தார்கள். 1940-ல் ஓட்டம் நின்றது, தண்டவாளமும் போய்விட்டது. அந்த வழி இன்று சில இடங்களில் தார்ச்சாலை, சில இடங்களில் பனங்காட்டு மண்பாதை, தட்டார்மடம் பக்கம் தேரி, அதாவது செம்மணல் மேடு. பாளையங்கோட்டையில் கிளம்பி மூலைக்கரைப்பட்டி, இட்டமொழி வழியாகத் திசையன்விளை வந்து, அங்கிருந்து இந்த வழியை ஒட்டியே திருச்செந்தூர் போனால் மொத்தம் நூறு கிலோமீட்டரை ஒட்டி வரும். நெடுக வெயில்தான். நிழல் வேண்டுமானால் பனையும் உடைமரமும்.

இதற்கு எந்தச் சைக்கிள் சரி என்று கேட்பவர்கள் கையில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று இருக்கிறது. ஒன்று, அப்பாவோ தாத்தாவோ ஓட்டிய 28 இன்ச் இரும்புச் சைக்கிள். இன்னொன்று, கியர் வைத்த 29 இன்ச் எம்டிபி, அதாவது மலைப்பாதைச் சைக்கிள். நான் இரண்டையும் இந்தப் பாதையில் ஓட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே ட்யூப் இல்லாத ட்யூப்லெஸ் டயர் போட்ட 29-க்கு மாறிவிட்டேன். முன்சக்கரத்தைத் தாங்குவது ஸ்பிரிங் இல்லாத சாதாரண ஃபோர்க், 2.25 இன்ச் அகல டயர். இனி இந்தப் பக்கம் வேறு வண்டியில் போவதாக இல்லை. காரணத்தில் முக்கால்வாசி முள்.

அதற்கு முன் ஒரு விஷயம். இன்று ரயில் ஓடுகிற நெல்லை-திருச்செந்தூர் தண்டவாளத்தின் ஓரமாகவே ஓட்டலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கூடாது. அனுமதியில்லாமல் ரயில்வே நிலத்தில் நுழைவது 1989-ம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ம் பிரிவுப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து. செய்துங்கநல்லூர், ஆழ்வார்திருநகரி, குரும்பூர் என்று அந்த லைனோடு ஒட்டியே நல்ல சாலை போகிறது, அதில் போங்கள். அது தாமிரபரணிப் பாசனத்து வயலும் வாழையுமான பச்சை வழி, எந்தச் சைக்கிளும் போதும். இங்கே நான் பேசுவது காய்ந்த பக்கத்து வழியைப் பற்றி.

எல்லாருக்கும் தெரிந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விலையில் பழைய 28-ஐ யாரும் நெருங்க முடியாது. அதை வாங்குகிற காசுக்கு நல்ல ட்யூப்லெஸ் டயர் ஒன்று வந்தாலே பெரிது. கேரியர், ஸ்டாண்டு, மட்கார்டு எல்லாம் அதில் கூடவே வரும், மூட்டை கட்ட வசதி. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டலாம், முதுகு நோகாது. 29-ல் கியர் உண்டு, டிஸ்க் பிரேக் உண்டு. இறக்கத்தில் 28-ன் கம்பி பிரேக்கை நம்பி இறங்குவதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் இந்த வழியில் பெரிய ஏற்ற இறக்கமே கிடையாது. ஆகவே கியரும் பிரேக்கும் இங்கே முடிவு செய்யாது.

முடிவு செய்வது முள்தான். இந்த மண்ணில் மூன்று வகை முள் டயருக்குள் ஏறும். முதலாவது சீமைக்கருவேலம். நீளமும் தடிப்புமானது, காய்ந்தால் ஆணிபோல் விறைத்து நிற்கும். தோட்டத்துக்கு வேலி அடைக்க வெட்டிப் போட்டது, கரிமூட்டத்துக்கு வண்டியில் ஏற்றிப்போகும்போது சிந்தியது என்று மண்பாதையில் எப்போதும் கிடக்கும். இரண்டாவது உடைமுள். குடை விரித்த மாதிரி நிற்கிற அந்த மரத்தின் வெள்ளை ஊசி செம்மண்ணில் பளிச்சென்று தெரியும். கண்ணில் படுவதால் ஓரளவு ஒதுங்கிப் போகலாம். மூன்றாவது நெருஞ்சி. இதுதான் மோசம். ஐப்பசி கார்த்திகை மழையில் தரையோடு படர்ந்து மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும். தை மாசியில் காய் காய்ந்து துண்டு துண்டாக உடையும். எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேலே பார்த்தபடி நிற்கும். சைக்கிள் ஓட்ட இதமான மாதங்களும் அவைதான்.

இந்த நெருஞ்சி நம்மூருக்கு மட்டும் உரியதில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கைவிட்ட ரயில் பாதையையே சைக்கிள் வழியாக்கி, பலூஸ் டு கேஸ்கேட்ஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சுமார் 460 கிலோமீட்டர். அதன் கிழக்குப் பாதி நம் தேரிப் பக்கம் போலவே மழை குறைந்த வறண்ட நாடு. பல இடங்களில் பழைய ரயில் ஜல்லி அப்படியே கிடக்கிறது, ஓரமெல்லாம் இதே நெருஞ்சி. அந்த வழியில் போகிறவர்களுக்கு அனுபவப்பட்டவர்கள் சொல்லும் புத்தி, ட்யூப்லெஸ் போட்டுக்கொண்டு வா என்பது. முள் ஒன்று என்பதால் அந்தப் புத்தி இங்கும் பலிக்கிறது.

28-ல் முள் ஏறினால் என்ன ஆகிறது? ட்யூப் ஓட்டையாகும், காற்று இறங்கும், இறங்கி ஒட்ட வேண்டும். ஒரு முள் என்றால் பெரிய வேலையில்லை. சக்கரத்தைக் கழற்றாமலே ட்யூபை வெளியே இழுத்து, தேய்த்து, சொல்யூஷன் தடவி, பேட்ச் வைத்து அழுத்தினால் கால்மணி நேரத்தில் கிளம்பிவிடலாம். நெருஞ்சி ஒன்றோடு விடாது என்பதுதான் பிரச்சினை. ஒரு படர்ந்த கொடி மேல் ஏறி இறங்கினால் இரண்டு டயரிலும் வரிசையாகக் குத்தியிருக்கும். பெரிய ஓட்டையை ஒட்டிவிட்டுக் கிளம்புவோம், அடுத்த பனைமரம் வருவதற்குள் இன்னொன்று கசிய ஆரம்பிக்கும். தண்ணீரில் முக்கிப் பார்த்தால்தான் சின்ன ஓட்டைகள் தெரியும். தேரியில் தண்ணீருக்கு எங்கே போவது? குடிக்கக் கொண்டுபோன தண்ணீரை அதற்குச் செலவழிக்க முடியாது. டயரின் உட்புறம் ஒடிந்து நிற்கும் முள் நுனியை விரலால் தடவித் தேடி எடுக்காவிட்டால், ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி குத்தும். வெயிலில் உட்கார்ந்து இதைச் செய்கிற நேரம் பயணத்தையே தின்றுவிடுகிறது.

ட்யூப்லெஸ்ஸில் டயருக்குள் ரப்பர் பால் கலந்த சீலன்ட் ஓடிக்கொண்டே இருக்கிறது. நெருஞ்சி குத்தினால் அந்தப் பால் ஓட்டைக்கு வந்து உறைந்து தானே அடைத்துக்கொள்ளும். பல சமயம் குத்தியதே நமக்குத் தெரியாது, வீட்டுக்கு வந்து டயரைத் துடைக்கும்போது வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். சீமைக்கருவேல முள் ஏறினால் பிடுங்கிவிட்டு, ஓட்டை அடியில் வருகிறபடி சக்கரத்தைத் திருப்பிச் சற்று நேரம் வைத்தால் போதும். அதற்கும் அடங்காத பெரிய கிழிசலுக்கு ரப்பர் திரி ஒன்றைச் செருகலாம், மோட்டார் சைக்கிள் டயருக்குப் பஞ்சர் கடையில் செருகுகிறார்களே, அதன் சின்ன உருவம். அப்புறம் இன்னொரு லாபம்: ட்யூப் இல்லாததால் காற்றைக் குறைத்து ஓட்டலாம். தேரி மணலில் என் எடைக்குக் காற்றழுத்தத்தை 20 பிஎஸ்ஐ பக்கம் இறக்கினால் டயர் அகன்று மணல் மேலேயே உருள்கிறது. 28-ன் ஒன்றரை இன்ச் டயர் அந்த மணலில் புதைந்து நின்றுவிடும், இறங்கித் தள்ள வேண்டியதுதான். அதில் காற்றைக் குறைத்தால் ரிம்முக்கும் கல்லுக்கும் இடையில் ட்யூப் நசுங்கிக் கிழியும்.

ஆனால் ட்யூப்லெஸ் வாங்கி மாட்டிவிட்டு மறந்துவிடுகிற சாமான் இல்லை. கடைக்காரர்கள் இதை அழுத்திச் சொல்வதில்லை என்பதால் நான் சொல்கிறேன். சீலன்ட் காய்ந்துபோகும். குளிர் நாட்டில் ஆறு மாதம் தாங்குவது நம் வெயிலில் தாங்காது. பங்குனி முதல் ஆவணி வரை நான் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வால்வின் உள்கருவைக் கழற்றி, அது வழியாக ஒரு மெல்லிய கம்பியை விட்டுப் பால் இருக்கிறதா என்று பார்க்கிறேன். கம்பி உலர்ந்து வந்தால் ஒவ்வொரு டயருக்கும் 60 முதல் 80 மில்லி ஊற்றுகிறேன். வருஷத்துக்கு ஒரு முறை டயரைக் கழற்றி, உள்ளே தோலாக உறைந்து கிடப்பதை உரித்து எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும். வால்விலும் பால் உறைந்து காற்று ஏறாமல் அடைக்கும். அதனால் மாற்று வால்வுக்கரு இரண்டு பையில் இருக்கும். சைக்கிளை வெயிலில் நிறுத்துவதில்லை, நிழலில் மாட்டி வைக்கிறேன், அப்போது பால் கூடுதல் நாள் வருகிறது. ஓடாமல் மாசக்கணக்கில் நிற்கிற வண்டிக்கு ட்யூப்லெஸ் போடவே வேண்டாம். பால் அடியில் தேங்கிக் கட்டியாகிவிடும், முள் குத்துகிற அன்று ஒன்றும் செய்யாது. மாதம் ஒரு முறையாவது ஓட்டுகிறவருக்குத்தான் இது.

28-க்கு ஆதரவாகச் சொல்ல வேண்டிய பெரிய விஷயம் வழியில் கிடைக்கும் கை. உடன்குடியிலோ திசையன்விளையிலோ சைக்கிள் கடை அண்ணாச்சிக்கு அந்த வண்டியின் ஒவ்வொரு பால்ஸும் அத்துப்படி. போக்ஸ் கம்பி உடைந்தால் மாற்றி, கோட்டம் எடுத்து, பெடல் கையைப் பிடிக்கும் காட்டர் பின்னைத் தட்டி அனுப்பிவிடுவார். வால் டியூப் ரப்பர் பெட்டிக்கடையில்கூடக் கிடைக்கும். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு தரும் விலையில்லாச் சைக்கிள்கள் ஓடுகிற வரை இந்தக் கடைகளுக்கும் வேலை இருக்கும். என் வண்டியை ஒரு கடையில் நிறுத்தியபோது, “தம்பி, இதுல டியூபே இல்லையே, நான் எதைப் போய் ஒட்ட?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. 29-ல் கியர் மாற்றச் செயினைத் தள்ளுகிற கை வளைந்தாலோ டிஸ்க் பிரேக்கில் கோளாறு வந்தாலோ நெல்லை டவுனுக்கோ தூத்துக்குடிக்கோதான் போக வேண்டும். டயர் விளிம்பு ரிம்மை விட்டுக் கழன்றுவிட்டால் கைப்பம்பில் ஏற்றுவது கஷ்டம். மோட்டார் சைக்கிள் பஞ்சர் கடையின் கம்ப்ரசரில் ஏற்றிவிடலாம். அதற்கு என் டயரில் இருக்கும் மெல்லிய பிரெஸ்டா வால்வின் மேல் திருகுகிற பித்தளை அடாப்டர் வேண்டும். சின்ன சாமான்தான், நெல்லையிலேயே வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு ஒரு ட்யூபும் கொண்டுபோகிறேன். அதை உள்ளே போடுமுன் டயரில் நிற்கும் முள் அத்தனையையும் பிடுங்க வேண்டும்.

நடுவழி ஒன்று உண்டு: இருக்கிற ட்யூபுக்குள்ளேயே சீலன்ட் ஊற்றுவது. வால்வுக்கருவைக் கழற்ற முடிகிற ட்யூபாக இருக்க வேண்டும். 26 இன்ச் எம்டிபி வைத்திருப்பவர்கள் தடித்த ட்யூப் போட்டு, உள்ளே சீலன்ட் ஊற்றி ஓட்டுகிறார்கள். நெருஞ்சிக்குத் தாங்குகிறது. வண்டி கனக்கும், காற்றைக் குறைக்க முடியாது. ரிம்மே ட்யூப்லெஸ்ஸுக்கு ஏற்றதாக இல்லாதவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

நான்கு இன்ச் டயர் போட்ட ஃபேட் பைக்கைத் தேரியில் கொஞ்ச தூரம்தான் ஓட்டியிருக்கிறேன். மணலில் சொகுசாக மிதக்கிறது. தார்ச்சாலையில் அதை இழுத்துக்கொண்டு திருச்செந்தூர் வரை போவது எப்படி இருக்கும் என்பதற்கு என் அனுபவம் போதாது. அடைமழை மாதங்களிலும் நான் அதிகம் போனதில்லை, செம்மண் சேற்றில் எது மேல் என்று அடித்துச் சொல்லமாட்டேன். ஆனி ஆடியில் மேற்குக் காற்று தேரி மணலை வாரி வீசும். அப்போது போவதாக இருந்தால் திசையன்விளையில் தொடங்குங்கள், காற்று பெரும்பாலும் முதுகில் இருக்கும். மணல் செயினில் ஏறுவது இரண்டு வண்டிக்கும் பொது. 28-ல் மூடிய செயின் கவர் இருந்தால் அது இந்த ஒரு விஷயத்தில் ஜெயிக்கும். நான் உலர்ந்த மெழுகு எண்ணெய் போடுகிறேன், சாதாரண எண்ணெயில் மணல் அப்பிக்கொள்ளும்.

கையில் 28 மட்டும்தான் இருக்கிறது, புதிதாக வாங்கும் எண்ணமில்லை என்றால் அதற்காகப் பயணத்தை விட்டுவிட வேண்டாம். தட்டார்மடத்திலிருந்து உடன்குடி வரை மண்பாதைக்குள் இறங்காமல் தார்ச்சாலையிலேயே வாருங்கள். டயர் புதிதாக இருக்கட்டும், பேட்சும் சொல்யூஷனும் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். முள்ளிருக்கும் ஓரத்தில் சைக்கிளைச் சாய்க்காமல் சாலை மேலேயே ஸ்டாண்டு போட்டு நிறுத்துங்கள். மாசி பங்குனியில் போனால் உடன்குடி வட்டாரத்தில் பதநீர் இறங்க ஆரம்பித்திருக்கும். காலையிலேயே கேட்டுக் குடித்துவிடுங்கள், வெயில் ஏறினால் புளித்துவிடும்.