அலையாத்திக் காட்டுக்கு வரும் பணம்: துறை கையிலா, ஊர் கையிலா, கார்பன் கம்பெனி கையிலா?

கடலோர உப்புத் தண்ணீரில் வளரும் அலையாத்திக் காட்டைப் பார்க்க முத்துப்பேட்டைக்கு வந்து ஜாம்புவானோடையில் படகு ஏறுகிறவர்கள் பார்ப்பது கரையோரத்துப் பச்சையைத்தான். அந்தப் பச்சையை விலக்கிக்கொண்டு உள்ளே நடந்தால் வேறு நிலம். சித்திரை, வைகாசியில் மண் மேல் உப்பு பூத்துக் கிடக்கும், கால் வைத்தால் அப்பளம் போல் நொறுங்கும். அங்கங்கே உப்பு மண்ணில் முளைக்கும் உமரிச் செடி சிவந்து படர்ந்திருக்கும். மரம் இருக்காது.

வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கி 1970-கள் வரை இந்தக் காட்டைப் பகுதி பகுதியாக ஏலம் விட்டு மொட்டையாக வெட்டினார்கள். நிழல் போனதும் மண் காய்ந்தது, காய்ந்த மண் அமுங்கித் தாம்பாளம் மாதிரி குழிந்தது. ஓதத்தில், அதாவது கடல் மட்டம் உயரும் நேரத்தில், ஏறிய கடல் தண்ணீர் அந்தக் குழியை விட்டுத் திரும்பிப் போக வழியில்லாமல் அங்கேயே வற்றி உப்பானது. அதில் எத்தனை கன்று நட்டாலும் கருகும். 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் சேர்ந்து முதலில் பிச்சாவரத்தில் இதற்கு வழி கண்டார்கள். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரு பக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள், மேலிருந்து பார்த்தால் மீன் முள். ஓதம் ஏறும்போது தண்ணீர் உள்ளே போய், வடியும்போது உப்பைக் கழுவிக்கொண்டு வெளியே வரும். வாய்க்கால் கரைச் சரிவில் அலையாத்தி விதையை ஊன்றினால் பிழைக்கும். முத்துப்பேட்டையிலும் பிறகு இதே முறைதான் வந்தது.

செய்முறையில் இனிப் பெரிய சண்டை இல்லை. கேள்வி பணத்தைப் பற்றியது. மாநிலத்தில் 2021-க்குப் பிறகு ஈரநில இயக்கம், 2022-ல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மத்திய அரசில் 2023-ல் அலையாத்திக் காடு வளர்க்கும் மிஷ்டி என்று வரிசையாகத் திட்டங்கள் வந்தன. மிஷ்டி ஒன்றுக்கே ஐந்து ஆண்டில் 540 சதுர கிலோமீட்டர் இலக்கு, 9 மாநிலங்களிலும் 4 யூனியன் பிரதேசங்களிலும். இந்த அளவுக்கு வரும் பொதுப்பணத்தை யார் கையில் கொடுத்து, எதை எண்ணி, எந்த மாதத்தில் செலவு செய்வது? அலையாத்திக் காட்டை மீட்கும் வேலை செய்த கிராமக் குழு ஒன்றுக்கு நான் நாலு வருஷம் கணக்கு எழுதியவன். அந்தப் பழக்கத்தில்தான் இதை அலசுகிறேன்.

முதல் வழி, துறையே நேரடியாகச் செய்வது. ஆள் வைத்தோ ஒப்பந்தக்காரரை வைத்தோ வேலை நடக்கும். இதன் பலத்தைக் குறைத்துச் சொல்ல முடியாது. நிலம் காப்புக்காடு. எல்லை, அனுமதி, காவல் எல்லாம் வனத்துறையிடம் இருக்கிறது. நூறு ஹெக்டேரில் ஒரே பருவத்தில் வாய்க்கால் வெட்ட வேறு யாராலும் ஆகாது. தணிக்கையும் உண்டு. சறுக்குவது இரண்டு இடத்தில். ஒன்று நாள்கணக்கு. நிதியாண்டு மார்ச் 31-ல் முடிகிறது, காட்டின் ஆண்டோ வடகிழக்குப் பருவமழையோடு தொடங்குகிறது. ஐப்பசி, கார்த்திகையில் ஆற்றுத் தண்ணீரும் மழையும் சேர்ந்து உப்பைத் தணிக்கிற நேரத்தில் விதை மண்ணில் இருக்க வேண்டும். பண ஒதுக்கீட்டு ஆணை தைக்கு வந்தால், வேலை மாசியில் அவசர அவசரமாக நடக்கும், இளங்கன்று முதல் கோடையிலேயே உப்போடு மல்லுக்கட்டும். யார் மேலும் பழி போட்டுப் பயனில்லை, ஆண்டுக் கணக்கின் அமைப்பு அப்படி.

இரண்டாவதுதான் பெரியது: எண்ணும் அலகு. இத்தனை ஹெக்டேர், இத்தனை கன்று என்றுதான் மதிப்பீடு போடுகிறோம். வாய்க்கால் வெட்டிய மூன்றாம் வருஷம் அதன் வாயில் சேறு ஏறும். இந்தக் கடற்கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு, அதனால் ஒரு சாண் சேறு போதும், உள்ளே போகிற தண்ணீரை நிறுத்திவிடும். அந்தச் சேற்றை அள்ள மதிப்பீட்டில் செலவுத் தலைப்பு இருக்காது. கஜா புயலுக்குப் பிறகு, அதாவது 2018 நவம்பர் 16-க்குப் பிறகு, எங்கள் பகுதியில் ஒரு கிளை வாய்க்காலின் வாய் முறிந்த கிளையும் சேறுமாக அடைபட்டது. ஏழெட்டுப் பேர் இரண்டு நாள் இறங்கினால் தீர்கிற வேலை. நான் எழுதி அனுப்பிய பில் 'பராமரிப்புக்கு ஒதுக்கீடு இல்லை' என்று திரும்பி வந்தது. அடுத்த கோடையில் அந்த வாய்க்காலின் இரு கரையிலும் இடுப்பளவு வளர்ந்திருந்த அலையாத்தி நுனியிலிருந்து காய்ந்துகொண்டே வந்தது. பதிவேட்டில் அது வெற்றிகரமாக நட்ட பரப்புதான், இன்றைக்கும்.

டெல்டாக்காரனுக்கு இதை விளக்கவே வேண்டாம். மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறக்கும் என்று தெரிந்திருந்தும், மே மாதத்தில்தான் தூர் வாரும் இயந்திரம் வாய்க்காலில் இறங்கும். கடைமடைக்காரர் வருஷா வருஷம் சொல்லும் குறை இது. காட்டுக்குள் தூர் வாரும் வேலைக்குத் தேதிகூடக் கிடையாது.

இரண்டாவது வழி, ஊர்க் குழு. வனத்துறையும் கிராமமும் ஒப்பந்தம் போட்டு, அந்த ஊருக்கென்று நுண்திட்டம் எழுதி, குழுவின் வங்கிக் கணக்கில் பணம் இறங்கி, குழுவே வேலையைச் செய்வது. பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் இது நடந்து பார்த்த முறை. நான் இந்தப் பக்கம் சாய்கிறேன், காரணம் வாய்க்கால் மீன்பிடிப்பு. முத்துப்பேட்டைக் காட்டுக்குள் ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக வாய்க்கால் வெட்டி, ஓதத்தோடு ஏறும் மீனையும் இறாலையும் பிடித்து வருகிறார்கள். அந்த வாய்க்காலின் தூரை அவர்களே வாருவார்கள், வாராவிட்டால் மீன் ஏறாது. அந்தக் கரைகளில் மரம் நெருங்கி நிற்பதை யாரும் போய்ப் பார்க்கலாம். நட்டவர் யாருமில்லை, தண்ணீர் போய் வந்ததால் தானே வந்த மரம். துரைக்காட்டுப் பக்கம் ஒரு பெரியவரிடம், இந்த வருஷம் எவ்வளவு கன்று நட்டால் தேறும் என்று கேட்டேன். "கன்றுக் கணக்கை அப்புறம் பாப்போம் தம்பி. ஆத்துல தூர் வாராம தண்ணி வுட்டா கடைமடைக்கு வருமா? இங்கயும் அதேதான்" என்றார்.

ஆனால் ஊர்க் குழு என்றதும் எல்லாம் நேர்மையாக நடந்துவிடும் என்று நான் எழுத மாட்டேன். குழுவில் பேசுகிறவர்கள் நாலைந்து பேர்தான். கையால் இறால் தடவிப் பிழைக்கும் பெண்கள் பெயரளவுக்கு இருப்பார்கள், கூட்டம் அவர்கள் வேலைக்குப் போன நேரத்தில் நடக்கும். ஆடு மாடு மேய்ப்பவருக்கும் விதை ஊன்றுபவருக்கும் தகராறு வரும். தொலைவிலிருந்து லகூனுக்கு, அதாவது காட்டை ஒட்டிய உப்பங்கழி ஏரிக்கு, வரும் மீனவருக்கு இந்தக் குழுவில் இடமே இருக்காது. ஒத்துழைத்த ரேஞ்சர் மாற்றலாகிப் போனால் அடுத்தவர் முதலிலிருந்து ஆரம்பிப்பார். திட்டப் பணம் முடிந்த அடுத்த வருஷம் கூட்டம் கூட்டவே ஆள் இருக்காது. இத்தனையும் எங்கள் குழுவிலேயே பார்த்தவை.

மூன்றாவதாக இப்போது அதிகம் பேசப்படுவது கார்பன் வழி. கம்பெனி முதல் போடும், காடு வளரும், மண்ணும் மரமும் காற்றிலிருந்து பிடித்து வைத்த கார்பனை அளந்து, புகை விடும் கம்பெனிகளுக்கு அந்தக் கணக்கை விற்று வரும் பணத்தைப் பங்கிடுவது. பாகிஸ்தானில் சிந்து நதி டெல்டாவில் சிந்து மாகாண அரசும் ஒரு தனியார் நிறுவனமும் 2015 முதல் இதைச் செய்கின்றன. சுமார் மூன்றரை லட்சம் ஹெக்டேர், 60 ஆண்டுத் திட்டம், அங்கேயும் முக்கிய மரம் நம்முடைய அதே அலையாத்திதான். நீண்ட காலத்துக்குப் பணம் வருவது இதன் பெரிய கவர்ச்சி, பராமரிப்புக்குத் தலைப்பு இல்லை என்ற என் குறைக்கு இது நேரான பதில். ஆனால் முத்துப்பேட்டை முழுதும் சேர்ந்தாலே சுமார் 12,000 ஹெக்டேர். அளப்பதற்கும் சான்று வாங்குவதற்கும் ஆகும் செலவு பெரிய பரப்பில் கரையும், சின்னப் பரப்பில் கழுத்தைப் பிடிக்கும். கென்யாவில் காசி விரிகுடா மக்கள் 117 ஹெக்டேரில் இதை நடத்துகிறார்கள் என்பதும் உண்மை. அங்கே அது ஊர் மக்களின் அமைப்பே நடத்தும் திட்டம். நம் காட்டில் கார்பன் யாருக்குச் சொந்தம், வாய்க்கால் மீனுக்கான உரிமை ஒப்பந்தத்தில் எந்த வரியில் வரும் என்று எழுதி முடிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

இந்தோனேசியாவையும் கொஞ்சம் பார்க்கலாம். தென்னை நார்க்கழிவைக் கோகோபீட் என்று ஏற்றுமதி செய்கிறோமே, அந்த 'பீட்' அங்கே நிலமாகவே கிடக்கிறது. செத்த செடிகொடி தண்ணீருக்குள் மட்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சேர்ந்த நிலம். பாமாயில் தரும் செம்பனைக்காகக் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்தார்கள், நிலம் காய்ந்தது, 2015-ல் காடும் நிலமுமாக 26 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. 2016 ஜனவரியில் அதிபரின் நேரடிப் பொறுப்பில் பீட் நில மீட்புக்கென்றே ஒரு முகமை வந்தது. அங்கே வேலை நமக்கு நேர் எதிர்: நாம் வாய்க்காலைத் திறக்கிறோம், அவர்கள் அடைக்கிறார்கள். நான் அங்கிருந்து எடுத்துக்கொள்வது ஒன்றைத்தான். நிலத்தடி நீர் 40 சென்டிமீட்டருக்குக் கீழே இறங்கக் கூடாது என்று விதியிலேயே எழுதினார்கள். எத்தனை அடைப்பு கட்டினாய் என்பதோடு நிற்காமல், தண்ணீர் எங்கே நிற்கிறது என்று அளக்க அது இடம் கொடுக்கிறது. தனி முகமை நமக்குத் தேவையா என்றால், எனக்கு அவசியமாகப் படவில்லை. 2020 முடிவில் அலையாத்திக் காடுகளையும் அந்த முகமையிடமே கொடுத்து 6 லட்சம் ஹெக்டேர் இலக்கு வைத்தார்கள். இலக்கு அந்த அளவுக்குப் போனால் கன்று எண்ணும் பழக்கம் திரும்பி வருமே என்பது என் பயம்.

சரி, என் முடிவு. வாய்க்கால் வெட்டுவதும் எல்லை காப்பதும் துறையிடமே இருக்கட்டும். வெட்டிய இரண்டாம் வருஷத்திலிருந்து ஏழாம் வருஷம் வரை தூர் வாரும் பணம், ஆடி கடைசிக்குள், ஊர்க் குழுவின் கணக்குக்கு வர வேண்டும். கன்றை எண்ணிப் பணம் கொடுப்பதை விட்டுவிட்டு, தண்ணீர் போய் வருகிற வாய்க்கால் எத்தனை மீட்டர் என்று எண்ணிக் கொடுக்க வேண்டும். குழுக் கூட்டத்தை இறால் பிடிக்கும் பெண்கள் கரை ஏறுகிற நேரத்தில் வைக்க வேண்டும், பில்லில் கையெழுத்துப் போடும் இருவரில் ஒருவர் அவர்களில் ஒருவராக இருக்க வேண்டும். கார்பன் வழியை ஐந்து வருஷம் தள்ளி வைக்கலாம், அதற்குள் உரிமைகளை எழுதி முடிக்கலாம்.

தண்ணீர் போய் வருகிறதா என்று அளக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. துரைக்காட்டுப் பெரியவர் தன் மீன் வாய்க்காலின் கடைக்கோடியில் ஒரு சவுக்குக் கழி நட்டு வைத்திருக்கிறார், கத்தியால் சாண் சாணாகக் கோடு கீறியது. ஓதம் வடிந்த பிறகு போய், ஈரம் எந்தக் கோடு வரை ஏறியிருக்கிறது என்று விரலால் தடவிப் பார்ப்பார். நான் போன அன்று ஈரம் மூன்றாம் கோட்டில் நின்றது. போன மாசம் நாலாம் கோடு வரை வந்ததாம். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்கால் வாய்ப் பக்கம் நடந்தார்.