யார் கை முடித்த கூந்தல்? ஜப்பானியப் பெண்களின் மூன்று முடியலங்காரங்கள்

ஜப்பானியப் பெண்களின் பழைய முடியலங்காரங்களை ஓவியங்களின் அழகை மட்டும் கொண்டு தரம் பிரிப்பது எனக்கு நிறைவளிப்பதில்லை. அந்தத் தலையை எப்படிக் கழுவினார்கள், அதோடு எப்படித் தூங்கினார்கள், அதை முடிக்க யாருடைய கை வேண்டியிருந்தது என்று கேட்டுத்தான் தாரெகாமி, நிஹோங்காமி, சொகுஹாட்சு என்ற மூன்றையும் இங்கே ஒப்பிடுகிறேன்.

ஹெயான் காலத்து (794–1185) அரண்மனைப் பெண்களின் தாரெகாமியில் பின்னலும் இல்லை, கொண்டையும் இல்லை. நடு வகிடு எடுத்து, முதுகின் வழியே தரை தொடும்வரை விரித்துவிட்ட கூந்தலின் நீளமும் அடர்த்தியும் கருமையுமே அழகு. முரகாமி பேரரசரின் துணைவியரில் ஒருவரான ஹோஷி வண்டியில் ஏறி அமர்ந்த பிறகும் அவருடைய கூந்தல் நுனி மண்டபத் தூணடியிலேயே கிடந்தது என்று 'ஓககாமி' நூல் சொல்கிறது. மிகைதான் என்றாலும், அக்காலத்தவர் எதற்கு ஏங்கினார்கள் என்பது அதில் தெரிகிறது. அரிசிக் கழுநீர் தொட்டுச் சீவிய அந்தக் கூந்தலைக் கழுவி உலர்த்த ஒரு பகல் முழுவதும் பிடித்தது, அதற்கும் நல்ல நாள் பார்த்தார்கள். இரவில் கூந்தலைத் தலைமாட்டில் ஒரு பெட்டியில் அள்ளி வைத்துப் படுத்தார்கள். பணிப்பெண்கள் சூழ்ந்திருந்த மாளிகைக்கு வெளியே இது சாத்தியமில்லை. உழைக்கும் பெண்கள் முடியைச் சேர்த்துக் கட்டிக்கொண்டார்கள்.

எடோ காலத்தில் (1603–1868) செழித்த நிஹோங்காமி இதற்கு நேர் எதிரானது. முன்முடி, இரு பக்க முடி, பிடரி முடி, உச்சிக் கொண்டை என்று தலையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, மெழுகும் எண்ணெயும் கலந்த பின்ட்சுகெ என்ற பசையால் படியவைத்து, மொதொயுயி என்ற முறுக்கிய காகித நாணால் இறுகக் கட்டினார்கள். மணமாகாதவளுக்கு ஷிமதா, மணமானவளுக்கு மருமாகெ என்ற வழக்கு இருந்ததால், தெருவில் எதிரே வருபவள் யார் என்பதைக் கொண்டையே சொல்லிவிடும். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவிய தோரோபின் என்ற பாணிதான் இந்தக் கலையின் உச்சம் என்பது என் கருத்து. பக்க முடியை உள்ளே திமிங்கல எலும்புச் சட்டம் தாங்க, இழை இழையாக விசிறி போல விரிப்பார்கள். உதமாரோவின் அச்சோவியங்களில் அந்த இழைகளின் ஊடாகப் பின்னால் இருப்பது தெரியும். அதனால்தான் விளக்கின் பெயரை அதற்கு இட்டார்கள்.

இந்த அழகுக்கான விலையைப் பெண்ணின் கழுத்து கொடுத்தது. கொண்டை கலையாமலிருக்கக் கழுத்தை மட்டும் தாங்கும் உயரமான பெட்டித் தலையணையில் அவள் தூங்கினாள். பசை ஏறிய தலையை அடிக்கடி கழுவவும் முடியவில்லை. அலங்காரம் சிக்கலாகச் சிக்கலாக, காமியுயி என்ற முடி முடிக்கும் பெண்களின் தொழில் வளர்ந்தது. அதை ஆடம்பரம் என்று கருதிய அரசு 1795-இலும், பின்னர் 1840-களிலும் தடை விதித்தது. ஆயினும் தொழில் அழியவில்லை. பெண்கள் தம் கைத்திறனால் சம்பாதித்த ஒரு பிழைப்பையே ஒடுக்கப் பார்த்த அந்தத் தடையை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

எடோ காலத்தை அடுத்து வந்த மெய்ஜி ஆட்சி 1871-இல் ஆண்களைக் குடுமி களைய ஊக்குவித்தது. ஆனால் மறு ஆண்டே தோக்கியோவில் பெண்கள் முடியைக் குட்டையாக வெட்டுவது தடை செய்யப்பட்டது. ஆகவே முடியை வெட்டாமலே எளிதாக முடியும் வழி தேவைப்பட்டது. 1885-இல் ஒரு மருத்துவரும் ஒரு பத்திரிகையாளரும் முன்னின்று தொடங்கிய சங்கம், நிஹோங்காமி வசதிக்கும் தூய்மைக்கும் சிக்கனத்துக்கும் ஒவ்வாதது என்று வாதிட்டு, மேலைநாட்டுச் சாயல் கொண்ட சொகுஹாட்சுவைப் பரப்பியது. பின்னியோ முறுக்கியோ சுருட்டிச் செருகினால் போதும்; பசை வேண்டாம், பெட்டித் தலையணை வேண்டாம், காமியுயிக்குக் காத்திருக்கவும் வேண்டாம். தோரோபின்னின் நுட்பம் இதில் இல்லை என்றாலும், நாள்தோறும் வாழ்வதற்கு எது என்று கேட்டால் தயங்காமல் இதையே தேர்வேன்.

தாரெகாமியின் வழிவந்த ஓசுபெரகாஷியை 2019 அக்டோபரில் நடந்த அரியணை விழாவில் பேரரசி மசாகோ அணிந்திருந்தார். ஷிமதாவைத் திருமண நாளில் மணப்பெண்கள் பெரும்பாலும் பொய்முடியாக அணிகிறார்கள். கியோத்தோவில் கெய்ஷா ஆவதற்குப் பயிற்சி பெறும் மைகோ பெண்களோ இன்றும் தம் சொந்த முடியிலேயே கொண்டை முடித்து, அது கலையாமலிருக்க உயரத் தலையணையில் கழுத்தை வைத்துத் தூங்குகிறார்கள்.