8, 12, 41: எங்கள் வீட்டில் மூன்று பேருக்குப் பல் கிளிப்

எங்கள் வீட்டில் மூன்று பேர் பல்லுக்குக் கிளிப் போட்டு முடித்திருக்கிறோம். மகளுக்கு 8 வயதில் தொடங்கியது. மகனுக்கு 12 வயதில். அதே சமயத்தில் எனக்கும் போட்டார்கள், அப்போது எனக்கு 41. எல்லாம் கழற்றி மூன்று வருடம் ஆகிவிட்டது. "குழந்தைக்கு இப்பவே போடலாமா, இல்ல எல்லாப் பல்லும் விழுந்து முளைக்கட்டுமா?" என்று சொந்தக்காரர்களும் பள்ளி வாசலில் நிற்கும் அம்மாக்களும் என்னிடம் கேட்பது வழக்கம். வயதை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. கோளாறு தாடை எலும்பில் இருக்கிறதா, பல் வரிசையில் இருக்கிறதா என்று முதலில் தெரிய வேண்டும்.

மகளுக்கு முன்பற்கள் வரிசையாகத்தான் இருந்தன. கடைவாயைக் கடிக்கச் சொல்லிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. மேல்தாடை குறுகலாக இருந்ததால் ஒரு பக்கம் மேல்பற்கள் கீழ்ப்பற்களுக்கு உள்ளே போய் உட்கார்ந்தன. இதைக் கிராஸ்பைட் என்கிறார்கள். வாயை மூடும்போது தாடையை ஒரு பக்கம் நகர்த்தி மூட அவள் பழகியிருந்தாள். "பால் பல்லெல்லாம் விழட்டும், தானா சரியாயிடும்" என்றார் என் அத்தை. நெருக்கமான முன்பல்லாக இருந்தால் அப்படிக் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கலாம். பின்பக்கக் கிராஸ்பைட் தானாகச் சரியாவது அபூர்வம். அப்படியே விட்டால், வளரும் தாடை கோணலாகவே வளர்ந்துவிடக்கூடும் என்று டாக்டர் விளக்கினார்.

மேலண்ணத்தின் நடுவில் இரண்டு எலும்புகள் சேரும் பொருத்து ஒன்று இருக்கிறது. சின்ன வயதில் அது இறுகியிருக்காது. பதின்ம வயதில் மெல்ல மெல்ல இறுகிவிடும். இறுகுவதற்கு முன்னால் எக்ஸ்பாண்டர் என்ற திருகு வைத்த விரிப்புக் கருவியை அண்ணத்துக்குக் குறுக்கே கடைவாய்ப் பற்களில் பொருத்தி, எலும்பையே அகலப்படுத்தலாம். ராத்திரி படுக்கும் முன் சின்னச் சாவியை உள்ளே விட்டு ஒரு திருகு திருக வேண்டியது என் வேலை. ஒரு திருகுக்குக் கால் மில்லிமீட்டர். பல்லிலும் மூக்குத் தண்டிலும் அழுத்தம் தெரிகிறது என்பாள், சிறிது நேரத்தில் அது அடங்கிவிடும். முதல் வாரம் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது, பேச்சு குழறியது, சோறு அண்ணத்தில் மாட்டியது. அப்புறம் முன்பற்களுக்கு நடுவே பெரிய இடைவெளி விழுந்தது. முன்பே சொல்லியிருக்காவிட்டால் பயந்துபோயிருப்போம். எலும்பு விரிந்ததற்கு அதுதான் அடையாளம். ஈறு நார்களின் இழுப்பில் சில வாரங்களில் அந்த இடைவெளி தானாக மூடிக்கொண்டது. விரித்து முடித்த பிறகும் புது எலும்பு நிரம்பும்வரை எக்ஸ்பாண்டரைச் சில மாதம் அப்படியே விட்டுவைத்தார்கள்.

இதோடு அவளுக்கு முடிந்துவிடவில்லை. 13 வயதில் நிரந்தரப் பற்கள் முளைத்த பிறகு, பல்லில் ஒட்டும் சின்னத் துண்டுகளான பிராக்கெட்டும் அவற்றை இணைக்கும் கம்பியும் போட வேண்டியிருந்தது. இந்த ஒரு விஷயத்தைப் பெற்றோர் ஆரம்பத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சீக்கிரம் செய்வதால் இரண்டாம் கட்டம் கட்டாயம் தவிரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அவளுக்குத் தாடை நேரானதால் இரண்டாவது முறை சுலபமாகப் போனது. ஆனாலும் இரண்டு செலவு, இரண்டு அலைச்சல்.

மகனுக்கு வேறு பிரச்சினை. எத்துப்பல், கீழ்த்தாடை கொஞ்சம் பின்னால். அவனுக்கும் 8 வயதிலேயே தொடங்கச் சொன்னது ஒரு கிளினிக். இப்போது ஒரு கட்டம், 13 வயதில் மறுபடி ஒரு கட்டம் என்று திட்டம். மகளின் டாக்டரிடம் இரண்டாவது கருத்துக் கேட்டோம். "இதுக்கு அவசரம் இல்லம்மா, அவன் வளர்ற நேரம் வரட்டும்" என்றார். காரணமும் சொன்னார். எத்துப்பல்லுக்கு இரண்டு கட்டமாகச் செய்வதையும் பதின்ம வயதில் ஒரே கட்டமாகச் செய்வதையும் ஒப்பிட்டு அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முறையான ஆய்வுகள் நடந்திருக்கின்றன. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு அவற்றையும் சேர்த்துப் பார்த்த மதிப்பாய்வு 2018இல் புதுப்பிக்கப்பட்டது. முடிவில் பல்லும் தாடையும் அமைவதில் பெரிய வித்தியாசம் இல்லை. சீக்கிரம் செய்த பிள்ளைகளுக்கு முன்பல்லில் அடிபடுவது மட்டும் குறைவாக இருந்தது. அந்த ஒரு பயன் சாதாரணமானதில்லை. நீட்டிக்கொண்டிருக்கும் பல் கீழே விழுந்தால் முதலில் தரையில் மோதும். பல்லைக் காட்டிக் கேலி செய்வதால் பள்ளிக்கே போக மறுக்கும் பிள்ளைகளுக்கும் சீக்கிரம் செய்வதில் நியாயம் இருக்கிறது. என் மகனுக்கு அந்தக் கவலை இல்லை. விளையாடப் போகும்போது பல்லில் அடிபடாமல் காக்கும் மௌத் கார்ட் போட வைத்துக் காத்திருந்தோம்.

உயரம் திடுதிடுவென்று கூடும் காலத்தில் கீழ்த்தாடையும் வேகமாக வளரும். பெண் பிள்ளைகளுக்கு இது ஏறத்தாழ இரண்டு வருடம் முன்னதாகவே வந்துவிடும், அதனால் அண்ணன் தம்பிக்குச் சொன்ன வயதைத் தங்கைக்கும் பொருத்திப் பார்க்கக் கூடாது. மகனுக்கு அந்த நேரம் பார்த்து ட்வின் பிளாக் கொடுத்தார்கள். மேலும் கீழும் தனித்தனிப் பிளேட், கடித்தால் கீழ்த்தாடை முன்னால் வந்து நிற்கும். சாப்பிடும்போதுகூடப் போட்டிருக்க வேண்டும். கழற்றி வைத்தால் வேலை செய்யாது, அவ்வளவுதான். பிள்ளையின் ஒத்துழைப்பு இல்லாமல் இது நடக்காது. எட்டு வயதில் இதைச் செய்திருந்தால் அவன் பொறுமையெல்லாம் அப்போதே தீர்ந்து, கம்பி போடும் வயதில் வாயைத் திறந்திருக்கவே மாட்டான் என்று நினைக்கிறேன். ட்வின் பிளாக் முடிந்த கையோடு கம்பி போட்டார்கள். எல்லாம் ஒரே தொடராக முடிந்தது.

காத்திருக்கவே கூடாத ஒன்றும் உண்டு. என் நாத்தனார் மகனுக்குக் கீழ்ப்பற்கள் மேல்பற்களுக்கு முன்னால் நின்றன, மேல்தாடை வளர்ச்சி குறைவு. அதற்கு முகத்தில் மாட்டும் ஃபேஸ் மாஸ்க் 10 வயதுக்கு முன்னால் போட்டால்தான் நல்ல பலன். அமெரிக்க ஆர்த்தடான்டிக் (பல் சீரமைப்பு) சங்கம் 7 வயதுக்குள் ஒரு முறை காட்டிவிடச் சொல்வது இது போன்றவற்றை முன்கூட்டியே கண்டுபிடிக்கத்தான். காட்டச் சொல்கிறார்கள், உடனே கிளிப் போடச் சொல்லவில்லை. பார்த்துவிட்டு "ஒரு வருஷம் கழிச்சு வாங்க" என்று சொல்லும் டாக்டர் மேல் எனக்கு நம்பிக்கை அதிகம்.

இனி என் கதை. கீழ் முன்பற்கள் நெருக்கியடித்து ஒன்றின் மேல் ஒன்று ஏறி, பிரஷ் போகாமல் ஈறில் ரத்தம் வந்தது. அழகுக்காக நான் போகவில்லை. 41 வயதில் பல் நகருமா என்று கேட்டவர்கள் நிறைய. நகரும். அழுத்தம் விழும் பக்கம் எலும்பு கரைந்து இழுபடும் பக்கம் புதிதாக வளர்வது எந்த வயதிலும் நடக்கிறது. முதல் சில மாதம் மகனைவிட எனக்கு மெதுவாக நகர்ந்தது, வலியும் கூடுதல் நாள் இருந்தது. ஆனால் தாடை எலும்பின் அளவை எனக்கு மாற்ற முடியாது. மகளுக்குச் சாவியால் செய்ததை என் வயதில் செய்ய எலும்பில் ஸ்க்ரூ வைக்க வேண்டும், அல்லது ஆபரேஷன்.

எனக்குக் கம்பிக்கு முன்னால் ஈறு சிகிச்சைதான் நடந்தது. ஈறு நோய் அடங்காமல் பல்லை நகர்த்தினால் இருக்கிற எலும்பும் போய்விடும். பல்லைப் பிடுங்காமல், பற்களின் இடைப்பக்கத்தை மிக மெல்லிசாகத் தேய்த்து இடம் எடுத்தார்கள். பற்கள் நேரானதும் ஈறுக்குப் பக்கத்தில் சின்னக் கறுப்பு முக்கோண இடைவெளி தெரிந்தது. ஈறு இறங்கிய பெரியவர்களுக்கு இது சகஜம். இன்னும் இருக்கிறது. எனக்கு அது பொருட்டில்லை, முகத்தோற்றத்துக்காகவே செய்பவர்கள் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கழற்றி மாட்டும் ஒளிபுகும் பிளாஸ்டிக் உறையான அலைனரும் யோசித்தேன். ஒரு நாளில் 20 முதல் 22 மணி நேரம் போட்டிருக்க வேண்டும், காபிக்குக்கூடக் கழற்றி வாய் கொப்பளிக்க வேண்டும். என் பழக்கத்துக்கு ஒத்துவராது என்று செராமிக் பிராக்கெட் போட்டேன். நிறமில்லாத ரப்பர் வளையம் கேட்காதீர்கள். இரண்டு நாள் சாம்பாரில் மஞ்சள் ஏறிவிடும், சாம்பல் நிறம் தேவலை. முறுக்கு, கரும்பு, கடலை மிட்டாய், கொய்யா நான்கும் பிராக்கெட்டைப் பெயர்த்துவிடும்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. பல் மருத்துவக் கல்லூரிகளில் தனியார் கிளினிக்கைவிடக் கணிசமாகக் குறையும், நேரம்தான் கூடுதலாகப் பிடிக்கும். எங்கே போனாலும், பார்ப்பவர் பிடிஎஸ் என்ற பல் மருத்துவப் பட்டத்துக்கு மேல் ஆர்த்தடான்டிக்ஸில் மூன்று வருட எம்டிஎஸ் என்ற மேற்படிப்பை முடித்தவரா என்று கேளுங்கள். அதில் கூச்சம் வேண்டாம்.

மூன்று பேருக்கும் பொதுவானது ரிட்டெய்னர், அதாவது நேரான பல்லை அதே இடத்தில் பிடித்து வைக்கும் சாதனம். கம்பி எடுத்த பிறகு பல் பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும், அதற்கு வயது வித்தியாசம் கிடையாது. எனக்குக் கீழ்ப்பற்களின் பின்னால் மெல்லிய கம்பி ஒட்டியிருக்கிறார்கள். ஒரு முனை பெயர்ந்ததைக் கவனிக்காமல் இருந்தால் பல் திரும்பிவிடும் என்பதால், ஆறு மாதத்துக்கு ஒரு முறை காட்டுகிறேன். பிள்ளைகளுக்கு ராத்திரி மட்டும் போடும் பிளாஸ்டிக் ரிட்டெய்னர். மகள் ஹாஸ்டலுக்குப் போனபோது இன்னொரு செட் செய்து கொடுத்தோம். வெந்நீரில் கழுவினால் வளைந்துவிடும், பச்சைத் தண்ணீரும் மெல்லிய பிரஷும் போதும்.