கிராஞ்சி போர் நினைவிடம்: சொந்தக்காரர்களோடு போகலாமா?

சிங்கப்பூரில் சொந்தக்காரர் வீட்டில் தங்கினால் முதல் இரண்டு நாளிலேயே முஸ்தபா, செந்தோசா, மெர்லயன் எல்லாவற்றையும் காட்டி முடித்துவிடுவார்கள். அதற்கப்புறம் "இன்னிக்கு எங்க போறது?" என்று பேச்சு வந்தால் கிராஞ்சியைச் சொல்லுங்கள். இரண்டாம் உலகப் போரில் இறந்த படையினருக்கான கல்லறைத் தோட்டமும் நினைவுச்சின்னமும் அங்கேதான் இருக்கின்றன. எங்கள் வீட்டில் சொன்னது மாமா. முப்பது வருடமாக அதே ஊரில் இருக்கும் அத்தையே அதுவரை போனதில்லையாம்.

போவது சுலபம். சிவப்புப் பாதை எம்ஆர்டியில் (மெட்ரோ ரயிலில்) கிராஞ்சியில் இறங்கிப் பத்து நிமிடம் போல நடந்தால் வந்துவிடும். கட்டணம் கிடையாது. உள்ளே கடை, கண்ணி எதுவும் இல்லாததால் தண்ணீரும் குடையும் கையில் இருக்கட்டும். குன்றுச் சரிவில் மேலே ஏற வேண்டும், நிழல் குறைவு. மூட்டுவலிக்காரர்கள் இருந்தால் காலை எட்டரைக்குள் போய்விடுவது நல்லது.

அம்மாவுக்கு மட்டும் மனசே இல்லை. "சுடுகாட்டுக்கா கூட்டிட்டுப் போறீங்க? வந்து தலைக்குக் குளிக்கணும்ல?" என்று வழியெல்லாம் புலம்பல். உள்ளே போனதும் அவர்தான் முதலில் புல்வெளிக்குள் இறங்கினார். ஒரே அளவில் வெள்ளைக் கற்கள், வரிசை வரிசையாக. தளபதி, சிப்பாய் என்று கல்லில் உயரவேறுபாடு இல்லை. மொத்தம் 4,461 பேர். அதில் 850க்கும் மேற்பட்டவர்கள் யாரென்றே தெரியாது. கல்லில் பெயரோடு வயதும் போட்டிருப்பதால் அம்மா ஒவ்வொன்றாகக் குனிந்து படித்தார். 19, 22, 20. "பிள்ளைங்களை அனுப்பியிருக்காங்க பாரு" என்றார். தலைக்குளியல் பேச்சு அதோடு நின்றது.

இந்த இடத்துக்கே ஒரு கதை உண்டு. 1942 பிப்ரவரியில் ஜப்பானியர்கள் இந்தப் பக்கமாகக் கரையேறியபோது இங்கே சண்டை நடந்தது. பிறகு இங்கே ஒரு கைதி முகாம் இருந்தது. இறந்த தோழர்களை அந்தக் கைதிகளே புதைத்த சின்ன இடம்தான் பின்னால் பெரிதானது. 1946இல் சாங்கியில் இருந்த கல்லறைகளையும் இங்கே மாற்றினார்கள்.

உச்சியில் இருக்கும் நினைவுச்சின்னம் 1957இல் திறக்கப்பட்டது. விமான இறக்கை போல ஒரு கூரை, நடுவில் வால் போல ஒரு கோபுரம். கூரையைத் தாங்கும் சுவர்த்தூண்களில் 24,000க்கும் அதிகமான பெயர்கள், உடல் கிடைக்காதவர்களுடையவை. படைப்பிரிவு வாரியாக, அதற்குள் பதவி வாரியாக இருப்பதால், சும்மா போய்த் தேடினால் கழுத்து வலிதான் மிஞ்சும். உங்கள் குடும்பத்தில் யாராவது பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்து திரும்பாமல் போயிருந்தால், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயரைத் தேடி, தூண் எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள். இந்தியப் பிரிவுகளின் பக்கம் கொஞ்ச நேரம் நின்றாலே சாமி, முத்து என்று நம் பெயர்களும் கண்ணில் படும்.

பலர் இதோடு படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். இறங்காதீர்கள். சின்னத்துக்கு நேர் பின்னால் தகன நினைவிடம் ஒன்று இருக்கிறது. மத வழக்கப்படி எரியூட்டப்பட்ட ஏறத்தாழ 800 பேருக்கானது, பெரும்பாலும் இந்தியப் படையினர். கூட்டமே இல்லை. எனக்குக் கிராஞ்சியில் முக்கியமான இடம் இதுதான்.

மாமா தேடி வந்தது வேறு. அவருடைய பெரியப்பாவை மலேசியாவின் ஜோகூரில் தோட்டம் ஒன்றிலிருந்து ஜப்பானியர்கள் லாரியில் ஏற்றி, சயாமுக்கும் (தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே போட்ட சயாம் ரயில்பாதை வேலைக்குக் கொண்டு போனார்கள், திரும்பவில்லை. "இங்க இருக்காது, தெரியும்" என்றார். ஆனாலும் எல்லாத் தூணையும் பார்த்தார். 415 கிலோமீட்டர் பாதையைப் போட்டுச் செத்த தோட்டத் தமிழர்களுக்கு இந்தச் சுவரில் இடமில்லை, இது படையில் இருந்தவர்களுக்கான சுவர். இதை நினைவிடத்தின் குறையாகச் சொல்லமாட்டேன். ஆனால் தாத்தா, பாட்டியை அழைத்துப் போகுமுன் இதை வீட்டிலேயே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், அதே ரயிலில் மாறாமல் சிட்டி ஹால் வந்தால் பீச் ரோடு பக்கத்தில் பொதுமக்களுக்கான போர் நினைவுச்சின்னம் இருக்கிறது. ஜப்பானியர் காலத்தில் சிங்கப்பூரில் கொல்லப்பட்ட பொதுமக்களுக்காக 1967 பிப்ரவரி 15 அன்று லீ குவான் யூ திறந்துவைத்தது. 60 மீட்டருக்கு மேல் உயர்ந்த நான்கு தூண்கள். சீனர், மலாய்க்காரர், இந்தியர், பிறர் என்று ஆளுக்கொன்று. உள்ளூர்க்காரர்கள் 'சாப்ஸ்டிக்' என்பார்கள். அடியில் தமிழிலும் எழுதியிருக்கிறது, அம்மா வாய்விட்டே படித்தார். மாமாவின் பெரியப்பா கணக்கில் வராத இடம்தான் இதுவும். ஆனாலும் மாமா இங்கேதான் உட்கார்ந்து பேசினார்.

இரண்டையும் ஒரே நாளில், கிராஞ்சியை முதலில் வைத்துப் பாருங்கள். எட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் அரை மணியில் "போலாம்" என்று இழுப்பார்கள். அத்தையின் பேரன் இழுத்தான். அவனைப் போன்றவர்களை ஒரு பெரியவரோடு வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனால் நிம்மதியாகப் பார்க்கலாம்.