பணக்கொடை உண்டு, பட்டா இல்லை: குமரி மாவட்ட மறுவாழ்வு முகாம் சேவைகள் எப்படி?

பழவிளை, பெருமாள்புரம், ஞாறான்விளை, கோழிவிளை. கன்னியாகுமரி மாவட்டத்தில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இந்த நான்கு இடங்களில்தான் இருக்கின்றன. 2021 ஆகஸ்டு வரை அரசுத் தாள்களில் ‘அகதிகள் முகாம்’ என்றிருந்த பெயர் மாறிவிட்டது. துறைக்கும் இப்போது அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை என்று நீளமான பெயர். பெயர் மாறியது நல்லதுதான். அந்தப் பெயரின் கீழ் அரசு என்ன தருகிறது, எது ஒழுங்காகக் கைக்கு வருகிறது, எது எங்கே முட்டி நிற்கிறது என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம். முகாமில் இருப்பவர்களுக்கும், அவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறவர்களுக்கும் பயன்படும்.

முதலில் மாதப் பணம். அரசு ஆணைகளில் இதற்குப் ‘பணக்கொடை’ என்று பெயர். 2021 ஆகஸ்டு 27 அன்று சட்டமன்றத்தில் 110ஆவது விதியின் கீழ் முதல்வர் மு.க.ஸ்டாலின் அறிவித்த 317.40 கோடி ரூபாய்த் தொகுப்பில் இது உயர்த்தப்பட்டது. குடும்பத் தலைவருக்கு 1,000 ரூபாயாக இருந்தது 1,500 ஆனது. மற்ற பெரியவர்களுக்கு 750 இருந்தது 1,000. சிறுவர்களுக்கு 400 இருந்தது 500. கணவன், மனைவி, இரண்டு சிறு பிள்ளைகள் என்றால் மாதம் 3,500 ரூபாய். முன்பு இதே வீட்டுக்கு 2,550தான்.

இந்தப் பணத்தை முதலில் மாநில அரசு செலவழிக்கும், மத்திய உள்துறை அமைச்சகம் பிறகு ஈடுகட்டும். பல வருடமாக ஓடிக்கொண்டிருக்கிற ஏற்பாடு என்பதால் இதில் பெரிய தடுமாற்றம் இல்லை. குறை இரண்டு. ஒன்று, விலைவாசி ஏறினால் தானாக ஏறுகிற தொகை இல்லை; ஒரு முறை நிர்ணயித்தால் அடுத்த அறிவிப்பு வரும்வரை அப்படியே கிடக்கும். இரண்டு, பிள்ளை பெரியவர் கணக்குக்கு மாறும் வயது. 12 முடிந்ததும் 500 ரூபாய் 1,000 ஆக வேண்டும். பதிவேட்டில் பிறந்த தேதி தப்பாக இருந்தால், அல்லது வருடம் மட்டும் எழுதியிருந்தால், மாற்றம் தள்ளிப்போகும். ஆகவே பிள்ளைக்குப் பதினொன்று நடக்கும்போதே பிறப்புச் சான்றிதழின் நகலை முகாமுக்குப் பொறுப்பான வருவாய் அலுவலரிடம் கொடுத்துப் பதிவைச் சரிபார்த்து வைத்துவிட வேண்டும். மாதம் 500 ரூபாய் வீதம் ஆறு மாதம் விட்டால் 3,000 போச்சு.

கேஸ் இணைப்பு இலவசம். வருடத்துக்கு ஐந்து சிலிண்டருக்குத் தலா 400 ரூபாய் மானியம், ஆக 2,000 ரூபாய். முன்பு கிலோ 57 பைசாவுக்குக் கொடுத்த அரிசிக்கு அந்தப் பைசாவையும் அரசே ஏற்றுக்கொண்டது. துணிமணி, பாத்திரம் உண்டு. இவற்றில் சொல்லத்தக்க குறை இல்லை, மேலே போகலாம்.

வீடுதான் இந்தத் தொகுப்பின் பெரிய சரக்கு. மாநிலம் முழுக்கப் பழுதடைந்த 7,469 வீடுகளை 231.54 கோடியில் புதிதாகக் கட்டுவது என்பது அறிவிப்பு. வகுத்துப் பாருங்கள், ஒரு வீட்டுக்கு 3 லட்சத்து 10 ஆயிரம். 2023 செப்டம்பர் 17 அன்று வேலூர் மேல்மொணவூரில் முதல்வர் திறந்துவைத்த 1,591 வீடுகளின் மதிப்பு 79.70 கோடி. இதையும் வகுத்தால் ஒரு வீடு 5 லட்சத்தைத் தொடுகிறது. இரண்டே வருடத்தில் ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ 1 லட்சத்து 90 ஆயிரம் கூடிவிட்டது. அறிவித்த தொகை அப்படியே இருந்து விலை மட்டும் ஏறினால், வீட்டின் எண்ணிக்கை குறையும். இல்லையென்றால் கட்டம் கட்டமாகக் காலம் நீளும். ‘எங்கள் முறை எப்போது’ என்ற கேள்விக்குப் பதில் பெரும்பாலும் இந்தக் கணக்குக்குள்தான் இருக்கிறது.

வீடு ஏறக்குறைய 300 சதுர அடி. நான்கு சுவருக்குள் கழிப்பறை வந்ததே பெரிய மாற்றம். பத்துக்குப் பத்து அடி வரிசை வீட்டில் சாக்குத் திரை தொங்கவிட்டுக் குடும்பம் நடத்திய காலத்தோடு ஒப்பிட்டால் ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தாராளமாகக் கொடுக்கலாம். மீதி ஒன்றைக் கழிப்பது குடும்பக் கணக்குக்காக. ஒதுக்கீடு பதிவுக் குடும்பத்தை வைத்து நடக்கிறது. கல்யாணமான மகன் தனிக் குடும்பப் பதிவு வாங்காமல் அப்பாவின் அட்டையிலேயே இருந்தால், அரசின் கண்ணுக்கு அது ஒரே வீடு. பட்டியல் எடுக்கிற சமயத்தில் ஓடினால் நேரம் போதாது. திருமணப் பதிவை முடித்த கையோடு, மாவட்ட ஆட்சியர் வழியாக மறுவாழ்வுத் துறை ஆணையருக்குத் தனிக் குடும்பப் பதிவு மனு போக வேண்டும். மருமகள் வேறு முகாமிலிருந்து வந்தவர் என்றால் முகாம் மாற்றத்துக்கும் இதே வழிதான். இரண்டையும் ஒரே மனுவில் எழுதாதீர்கள். ஒன்றில் சிக்கல் வந்தால் இரண்டும் சேர்ந்து நின்றுவிடும்.

நம்ம மாவட்டத்துக்கென்று இன்னொரு சங்கதி. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர் இது. சாவி வாங்குவதற்கு முன் மொட்டைமாடியில் நாலு வாளித் தண்ணீரை ஊற்றி, அது குழாய்ப் பக்கம் ஓடுகிறதா, நடுவில் குளம் கட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். ஜன்னல் மேலுள்ள சன்ஷேடின் அடியில் நீர் சொட்டும் பள்ளம் விட்டிருக்கிறார்களா, கைப்பிடிச் சுவரும் கூரையும் சேரும் மூலை உருட்டிப் பூசியிருக்கிறதா என்றும் பாருங்கள். முதல் கசிவு அங்கேதான் வரும். கழிவுநீர்க் குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 50 அடியாவது வேண்டும்; விளைகள், அதாவது மனைகள், நெருக்கமான இடத்தில் இதுதான் முதலில் பலியாகும். ஒப்பந்தக்காரர் கையில் வேலை இருக்கும்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். பிறகு பழுது பார்ப்பது யார் செலவு என்ற கேள்விக்கு எளிய விடை கிடையாது, ஏனென்றால் பட்டா இல்லை. சொந்த மண் இருப்பவர்களுக்கான வீட்டுத் திட்டங்கள் எதற்குள்ளும் இந்த வீடு அடங்காது.

பட்டா ஏன் இல்லை என்பதற்கு ஆட்சியர் அலுவலகத்தைத் திட்டிப் பயனில்லை. இலங்கைக் குடிமக்கள் இந்தியாவில் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமல் அசையாச் சொத்து வாங்க முடியாது. ஐந்து வருடத்துக்கு மிகாத குத்தகைக்கு மட்டும் விலக்கு. அந்நியச் செலாவணிச் சட்டத்தின் விதி அது. நாகர்கோவிலில் எவ்வளவு மனு கொடுத்தாலும் டெல்லி விதி நகராது.

சேவையிலேயே மிகவும் பழைய பகுதி தணிக்கை. குறித்த நாளில் எல்லோரும் முகாமில் இருந்து, வருவாய்த் துறை அலுவலர் முன் தலையைக் காட்ட வேண்டும். மாநில உளவுப் போலீசான கியூ பிரிவின் கண்காணிப்பும் உண்டு. எண்பதுகளின் பாதுகாப்புக் கவலையில் பிறந்த முறை இது. இன்று முகாம் ஆண்களில் பலர் பெயின்டிங், கொத்துவேலை என்று தினக்கூலிக்குப் போகிறவர்கள். களியக்காவிளையைத் தாண்டினால் கேரளக் கூலி, அது நம் பக்கக் கூலியைவிட அதிகம். பணக்கொடையில் தலைவரின் பங்கு நாளொன்றுக்கு 50 ரூபாய். அதைக் காப்பாற்ற ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து நிற்க வேண்டும். வராமலே இருந்தால் பணம் நிற்கும், தொடர்ந்து விட்டால் பதிவுக்கே ஆபத்து. பதிவு ஒருமுறை அடிபட்டால் மறுபடி சேர்ப்பதற்குச் சென்னையிலிருந்து ஆணை வர வேண்டியிருக்கும். எனவே வெளியூர் வேலைக்குப் போவதற்கு முன் எழுத்தில் அனுமதி கேட்டு, மனு நகலில் தேதியோடு கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டுப் போவது செல்லாது, அலுவலர் மாறினால் அந்தப் பேச்சும் அவரோடு போய்விடும். இந்தப் பகுதிக்கு ஐந்தில் ஒன்று. அரசு செலவழித்து ஆளை நிமிரவைக்கப் பார்க்கிறது. அதே அரசு மாதா மாதம் அவரை வேலையிலிருந்து இழுத்து நிறுத்துகிறது.

படிப்புக்கு நல்ல ஏற்பாடு. வருட உதவித்தொகை பாலிடெக்னிக்குக்கு 10,000, கலை அறிவியல் பட்டத்துக்கு 12,000, தொழிற்படிப்புக்கு 20,000 ரூபாய் என்று உயர்ந்தது. பொறியியலில் மதிப்பெண் வரிசையில் முதல் 50 மாணவர்களுக்குப் படிப்புக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டும். ஆனால் பட்டம் வாங்கிய பிறகு கதவு சாத்திக்கொள்கிறது. அரசு வேலை இல்லை, பாஸ்போர்ட் இல்லாததால் வளைகுடாவும் இல்லை. பொறியியல் முடித்தவர் பெயின்ட் டப்பாவோடு திருவனந்தபுரம் பஸ் ஏறுவது ஒதுக்கீட்டுக் குறையால் நடப்பதில்லை, குடியுரிமை இல்லாததால் நடக்கிறது.

இப்போது குடியுரிமை. பலர் தங்கள் பிள்ளைக்கு எது பொருந்தும் என்று தெரியாமலே இருக்கிறார்கள். 1955ஆம் வருடக் குடியுரிமைச் சட்டப்படி, 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியர். 1983, 84இல் வந்து இங்கே பிள்ளை பெற்ற குடும்பங்களில் இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் வழங்க 2022இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024 தேர்தலில் அவர் ஓட்டும் போட்டார். குமரி மாவட்டமும் அதே மதுரைக் கிளையின் எல்லைக்குள்தான் வருகிறது. தேவைப்படும் முதல் தாள் உள்ளாட்சி அல்லது மருத்துவமனைப் பதிவின் பிறப்புச் சான்றிதழ்.

1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 3க்கு முன்புவரை பிறந்தவருக்கு, அப்பா அம்மாவில் ஒருவர் இந்தியராக இருந்தால் போதும். மாப்பிள்ளை உள்ளூர் அருமனைக்காரர், பெண் முகாமைச் சேர்ந்தவர் என்றால் இந்தத் தேதியை மனதில் வையுங்கள். அதற்குப் பின் பிறந்தவர்களுக்கு, ஒருவர் இந்தியராக இருப்பதோடு மற்றவர் ‘சட்டவிரோதக் குடியேறி’யாக இருக்கக் கூடாது என்று நிபந்தனை. பாஸ்போர்ட் இல்லாமல் படகில் வந்தவரைச் சட்டம் அந்தப் பெயரில்தான் பார்க்கிறது. 2019 திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றுக்கு மட்டும். இலங்கை அதில் இல்லை. 2025 செப்டம்பரில் வந்த ஒன்றிய அரசின் விலக்கு ஆணை, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களைப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து விடுவிக்கிறது. வழக்குப் பயம் தீரும். குடியுரிமை அதனால் வராது. இரண்டையும் குழப்பி, ‘குடியுரிமை வந்துவிட்டது, பணம் கட்டு’ என்று எவராவது கேட்டால் நம்பாதீர்கள்.

இதே மாவட்டத்தில் இன்னொரு மாதிரியும் இருக்கிறது. கீரிப்பாறை, மணலோடை, சிற்றாறு பக்கம் போனால் அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்கள். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய மலையகத் தமிழர்களுக்கு வேலை கொடுக்க எடுத்த முயற்சிகளில் இந்த ரப்பரும் ஒன்று. அவர்கள் இந்தியக் குடிமக்களாகக் கப்பல் ஏறினார்கள். கையில் தாள் இருந்தது, அதனால் அரசின் பணம் சம்பளமாகப் போனது. பின்னால் படகில் வந்தவர்களிடம் தாள் இல்லை, அதே அரசின் பணம் பணக்கொடையாகப் போகிறது. தோட்ட வாழ்க்கை சுகமானது என்று சொல்லவில்லை. பால்வெட்டு எவ்வளவு கஷ்டம் என்று இந்த ஊருக்குத் தெரியும்.

திரும்பிப் போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விருப்பத்தின்பேரில் திரும்புவோருக்கு ஐ.நா. அகதிகள் ஆணையம் விமானச் சீட்டும் சிறு தொகையும் கொடுத்து வந்திருக்கிறது. ஆனால் 2025இல் இப்படித் திரும்பிய ஒரு முதியவரை யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் கைது செய்தார்கள். போர்க்காலத்தில் படகேறி வெளியேறியதையே சட்டவிரோதம் என்று பிடித்தார்கள். அதனால் திட்டம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டறியாமல் முகாம் பதிவை ரத்து செய்யாதீர்கள். இங்கே பிறந்த பிள்ளைகளுக்குச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகம் வழியாகக் குடியுரிமைப் பதிவு முதலில் முடிய வேண்டும். அதற்குப் பெற்றோரின் இலங்கைப் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், பிள்ளையின் தமிழ்நாட்டுப் பிறப்புச் சான்றிதழ் மூன்றும் வேண்டும். மூன்றிலும் பெயரின் ஆங்கில எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே அப்பா பெயர் முழுதாக முன்னால் நிற்கும், இங்கே அது ஓர் எழுத்தாகச் சுருங்கியிருக்கும். மனு திரும்பி வருவதற்கு அந்த ஓர் எழுத்து போதும்.